கர்ப்பிணிகளும் சர்க்கரை வியாதியும்

(நெல்லிக்குப்பத்தில் நடந்த பொதுக்கூட்டத்தில் செய்த சொற்பொழிவு)



இன்று நான் பேசும்படி ஏற்பாடு செய்யப்பட்டிருக்கும் விஷயம், கர்ப்பிணிகளுக்கு ஏற்படும் சர்க்கரை வியாதியைப் பற்றியும், அதை ஆகாரத்தைக் கொண்டு எப்படி அடக்கி வைப்பது என்பதைப் பற்றியுமாகும். "இது வைத்தியர்கள் பேச வேண்டிய விஷயமாயிற்றே, இவருக்கு இதில் என்ன வேலை?" என்று உங்களில் சிலர் நினைக்கலாம். நியாயமான கேள்விதான். நான் வைத்தியன் அல்ல. ஆனால் இந்த வியாதிக்கு முதல் மருந்து நம்முடைய வீட்டு அடுப்பங்கரையில்தான் இருக்கிறது. அடுப்பங்கரையில் என்ன நடக்கிறது, யார் முதலில் சாப்பிடுகிறார்கள், யார் கடைசியில் சாப்பிடுகிறார்கள் என்பது வைத்தியருக்குத் தெரியாது. வீட்டில் இருக்கிற நமக்குத்தான் தெரியும். நமக்குத் தெரியும் என்றுதான் நானும் வெகுகாலம் நினைத்துக் கொண்டிருந்தேன். அது எவ்வளவு பொய் என்பதைப் பின்னால் சொல்லுகிறேன்.

இந்த நெல்லிக்குப்பம் சர்க்கரை ஊர். 19-ஆம் நூற்றாண்டிலேயே பாரி கம்பெனியாரின் சர்க்கரை ஆலை ஏற்பட்ட இடம். இங்கு கூடியிருப்பவர்களில் பலர் கரும்பு போட்டுப் பிழைக்கிறவர்கள். ஆகவே சர்க்கரைக்கு விரோதமாகப் பேசி உங்கள் பிழைப்பைக் கெடுக்க வந்தவன் என்று என்னை நினைத்துவிட வேண்டாம். கரும்பு போடுகிறவர்களுக்குத்தான் நான் சொல்லப் போகும் சங்கதி சுலபமாக விளங்கும்.

வியாதி எப்படி உண்டாகிறது?

நாம் சாப்பிடும் சோறு, இட்லி, களி, ரொட்டி எல்லாம் வயிற்றில் கரைந்து, குளுக்கோஸ் என்னும் சர்க்கரையாகி ரத்தத்தில் சேருகின்றன. அந்தச் சர்க்கரையை உடம்பு எடுத்து உபயோகிப்பதற்காகக் கணையம் என்ற உறுப்பு இன்சுலினைச் சுரக்கிறது. கர்ப்ப காலத்தில் நஞ்சுக்கொடியிலிருந்து உண்டாகும் சில சுரப்புகள் இந்த இன்சுலினுடைய வேலையைத் தடுக்கின்றன. வயிற்றில் இருக்கும் குழந்தைக்கு ஆகாரம் தட்டாமல் போய்ச் சேருவதற்கு இயற்கையில் அமைந்த ஏற்பாடு இது. பெரும்பாலான பெண்களின் கணையம் அதிகமாகச் சுரந்து ஈடுகட்டி விடுகிறது. சிலருக்கு ஈடுகட்ட முடிவதில்லை. அவர்களுடைய ரத்தத்தில் சர்க்கரை ஏறிப்போகிறது. இதுதான் கர்ப்பகாலச் சர்க்கரை வியாதி.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று. தாயின் ரத்தத்தில் உள்ள சர்க்கரை நஞ்சுக்கொடி வழியாகக் குழந்தைக்குப் போகிறது. தாயின் இன்சுலின் போவதில்லை. ஆகவே குழந்தையின் சின்னஞ்சிறு கணையமே அவ்வளவு சர்க்கரைக்கும் இன்சுலினைச் சுரந்து தீர வேண்டியிருக்கிறது. அதனால் குழந்தை கொழுப்பு ஏறிப் பெருத்துப் போகிறது. பிரசவத்தில் தலை வெளியே வந்தும் தோள் சிக்கிக் கொள்ளுகிறது. பிறந்தவுடன் தாயிடமிருந்து வந்துகொண்டிருந்த சர்க்கரை சட்டென்று நின்றுவிட, குழந்தையின் ரத்தத்தில் சர்க்கரை அபாயமாகக் குறைந்துவிடுகிறது. கவனிக்காமல் விட்டால் குழந்தை வயிற்றிலேயே இறந்து போவதும் உண்டு. தாய்க்கு ரத்த அழுத்தம் ஏறுகிறது.

"பிள்ளை நாலரைக் கிலோ! ராஜா மாதிரிப் பிறந்திருக்கிறான்!" என்று நாம் பெருமை அடித்துக் கொள்ளுகிறோம். கரும்புக்காரர்களே, உங்களைக் கேட்கிறேன். உரத்தை வாரிக் கொட்டினால் கரும்பு தழதழவென்று வளருகிறது. பிறகு சாய்ந்து விடுகிறது. ஆலைக்குப் போனால் சாற்றில் சர்க்கரை குறைவு என்கிறார்கள். பெருத்ததெல்லாம் நல்ல கரும்பு என்று உங்களில் யாராவது சொல்லுவீர்களா? கரும்பில் இருக்கிற புத்தி, பெற்ற பிள்ளை விஷயத்தில் மட்டும் ஏன் இல்லாமல் போக வேண்டும்?

தோஷமா, சர்க்கரையா?

இந்த வியாதிக்குப் பெரும்பாலும் வலி இல்லை. வெளியே தெரியும் அடையாளமும் இல்லை. ஆகையினால்தான் நம் ஜனங்கள் இதற்கு வேறு பேர்கள் வைத்தார்கள். நிறைமாதத்தில் குழந்தை வயிற்றிலேயே அசைவற்றுப் போனால் "கண்ணேறு" என்றார்கள். இரண்டாவது தடவையும் அப்படியே ஆனால் "ஜாதக தோஷம்" என்றார்கள். பரிகாரம் செய்தார்கள், கயிறு கட்டினார்கள். கடைசியில் அந்தப் பெண்ணை "ராசி கெட்டவள்" என்று சொல்லிப் பிறந்த வீட்டுக்கு அனுப்பிவிட்டு, மகனுக்கு வேறு பெண் பார்த்தார்கள். இப்படி நிகழ்ந்தவற்றில் எத்தனை, ரத்தத்தில் ஏறியிருந்த சர்க்கரையின் வேலையோ! ஒரு டம்ளர் குளுக்கோஸ் தண்ணீரில் தெரிந்திருக்கக் கூடிய விஷயத்துக்காகப் பெண்களின் வாழ்வையே பாழாக்கினோம்.

இது பட்டணத்துப் பணக்காரர் வியாதி என்றும் யாரும் நினைக்க வேண்டாம். சென்னை டாக்டர் வீ. சேஷையா அவர்களும் அவருடைய கூட்டத்தாரும் நம் தமிழ்நாட்டிலேயே சுமார் 12,000 கர்ப்பிணிகளைப் பரிசோதித்து, 2008-இல் கணக்கை வெளியிட்டார்கள். நகரத்தில் 100-க்கு 17.8 பேருக்கும், நகரத்தை அடுத்த இடங்களில் 13.8 பேருக்கும், கிராமத்தில் 9.9 பேருக்கும் இந்த வியாதி இருந்தது. கிராமத்தில்கூடப் பத்துக்கு ஒருத்தி என்றால், இந்தக் கூட்டத்தில் உட்கார்ந்திருக்கும் தாய்மார்களிலேயே எத்தனை பேர் என்று நீங்களே கணக்குப் போட்டுக் கொள்ளுங்கள். இத்தகைய முயற்சிகளின் பலனாக 2007-இல் தமிழ்நாடு அரசாங்கம் கர்ப்பிணிகள் எல்லோருக்கும் இந்தச் சோதனையைச் செய்ய வேண்டும் என்று உத்தரவு போட்டது. இந்தியாவில் இதை முதலில் செய்தது நம் நாடுதான். டாக்டர் சேஷையாவுக்கு 2022-இல் பத்மஸ்ரீ பட்டம் கொடுக்கப்பட்டது. பட்டத்தை நாம் பெரிதாக நினைப்பதில்லை. செய்த காரியம் பெரிது.

சோதனை எப்படி?

சோதனை மிக எளிது. 75 கிராம் குளுக்கோஸைச் சுமார் 300 மில்லி தண்ணீரில் கரைத்து, ஐந்து பத்து நிமிஷத்துக்குள் குடிக்கச் சொல்லுவார்கள். இரண்டு மணி நேரம் கழித்து ரத்தத்தைப் பார்ப்பார்கள். 140 மில்லிகிராம் அல்லது அதற்கு மேல் இருந்தால் வியாதி இருக்கிறது என்று அர்த்தம். வெறும் வயிற்றோடுதான் போக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. கர்ப்பம் என்று தெரிந்து முதல் தடவை போகும்போது ஒரு தரம். அப்போது இல்லை என்று தெரிந்தாலும் 24-வது வாரத்திலிருந்து 28-வது வாரத்துக்குள் மறுபடியும் ஒரு தரம். அரசாங்க ஆரம்ப சுகாதார நிலையத்தில் இதற்குக் காசு இல்லை. "போன தடவை ஒன்றும் இல்லை என்று சொல்லிவிட்டார்களே" என்று இரண்டாவது சோதனைக்குப் போகாமல் இருப்பதுதான் பெரிய தப்பு. நாள் ஆக ஆகத்தான் நஞ்சுக்கொடியின் சுரப்பு அதிகமாகிறது.

என் வீட்டுச் சங்கதி

இனி, பின்னால் சொல்லுகிறேன் என்றேனே, அதைச் சொல்லுகிறேன். சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் மற்றவர்கள் குற்றத்தையே பேசிக்கொண்டு நம் குற்றத்தை மறைப்பது யோக்கியமாகாது.

என் மருமகளுக்கு ஆறாவது மாதத்தில் இந்தச் சோதனை செய்தார்கள். சர்க்கரை இருந்தது. நானும் மகனும் கூடப் போயிருந்தோம். அங்கிருந்த செவிலியர் அம்மையார் எங்கள் இருவரையும் பார்த்து, "இந்தப் பெண் காலையில் எத்தனை மணிக்குச் சாப்பிடுகிறாள்?" என்று கேட்டார். மகன் என்னைப் பார்த்தான். நான் மகனைப் பார்த்தேன். இரண்டு பேருக்கும் தெரியவில்லை. தோழர்களே! பெண்ணுரிமையைப் பற்றி இருபது வருஷமாக மேடையில் பேசி வருகிறவன் நான். என் வீட்டுப் பெண் எப்போது சாப்பிடுகிறாள் என்பது எனக்குத் தெரியவில்லை!

அந்த அம்மையார் சொன்னார்: "மூன்று நாளைக்கு அவள் என்ன சாப்பிடுகிறாள், எப்போது சாப்பிடுகிறாள் என்று எழுதிக் கொண்டு வாருங்கள். மற்றதைப் பிறகு பார்க்கலாம்." எழுதினேன். காலை 6 மணிக்குச் சர்க்கரை போட்ட காப்பி. நாங்கள் எல்லோரும் சாப்பிட்டுப் போன பிறகு, பத்தரை மணிக்கு மீந்த இட்லி ஆறு, அடிச் சட்டினி. மத்தியானம் மூன்று மணிக்குப் பசி தாங்காமல் ஒரு குவியல் சோறு, ரசம். பருப்பும் பொரியலும் முட்டையும் ஆண்கள் பந்தியிலேயே தீர்ந்துவிடும். இரவு பத்து மணிக்கு மறுபடியும் மீந்த சோறு. இப்படி நான்கைந்து மணி நேரம் பட்டினி, பிறகு ஒரேயடியாகச் சோறு என்றால் சர்க்கரை ஏறாமல் என்ன செய்யும்? எழுதிய காகிதத்தை நான் படித்துக் காட்டியபோது, என் மனைவி ஒரே ஒரு கேள்வி கேட்டாள்: "முப்பது வருஷமாக நான் எப்போது சாப்பிட்டேன் என்று யார் எழுதி வைத்தீர்கள்?" அவளுக்குச் சர்க்கரை வியாதி வந்து ஆறு வருஷமாகிறது. நான் என்ன பதில் சொல்ல முடியும்?

மறுநாள் முதல் மருமகளுக்குத்தான் முதல் தட்டு என்று ஏற்பாடு செய்தோம். "மாமனார் இருக்கும்போது மருமகள் முதலில் உட்காருவதா?" என்று பக்கத்து வீட்டில் கேட்டார்கள். கேட்கட்டும் என்று விட்டுவிட்டோம். இரண்டு வாரத்தில், சாப்பிட்ட இரண்டு மணி நேரம் கழித்துப் பார்க்கிற சர்க்கரை 120-க்குக் கீழே இறங்கிவிட்டது. குழந்தை சுகமாகப் பிறந்தது. அரிசியும் அதேதான், பருப்பும் அதேதான். சாப்பிடுகிற வரிசையும் அளவும் நேரமும்தான் மாறின.

என்ன சாப்பிடுவது?

இது பட்டினி வைத்தியம் அல்ல என்பதை முதலில் தெரிந்து கொள்ளுங்கள். கர்ப்பிணியைப் பட்டினி போட்டால் தாய்க்கும் கேடு, குழந்தைக்கும் கேடு. "குறைத்துச் சாப்பிட்டால் குழந்தை சிறுத்துச் சுகப்பிரசவம் ஆகும்" என்பது தப்பு. "இரண்டு உயிருக்குச் சாப்பிடு" என்று சோற்றை அள்ளி வைப்பதும் தப்பு. நான்காவது மாதத்துக்கு மேல் கர்ப்பிணிக்கு அதிகமாக வேண்டியது நாளொன்றுக்குச் சுமார் 350 கலோரிதான். ஒரு டம்ளர் பால், ஒரு முட்டை, ஒரு கிண்ணம் சுண்டல், இவ்வளவில் அது ஏறக்குறைய வந்துவிடும்.

நாளைக்கு மூன்று சாப்பாடு, நடுவில் இரண்டு மூன்று சிற்றுண்டி என்று பிரித்துக் கொள்ள வேண்டும். நெய்வேலியிலிருந்து வந்திருக்கும் தோழர்களுக்குச் சொல்லுகிறேன்: சுரங்கத்தில் ஷிப்டு மணி தவறுவதில்லையே, அதுபோல் கர்ப்பிணியின் சாப்பாட்டு மணியும் தவறக் கூடாது. காலையில் இன்சுலினுக்கு எதிர்ப்பு அதிகமாக இருப்பதால், காலை ஆகாரம் அளவாக இருக்க வேண்டும். ஆறு இட்லிக்குப் பதிலாக இரண்டு இட்லி, பருப்பு கெட்டியான சாம்பார், கூட ஒரு முட்டையோ சுண்டலோ. பத்தரை மணிக்கு மோரும் வேர்க்கடலையும், அல்லது ஒரு கொய்யாப் பழம். மத்தியானத் தட்டில் பாதி காய்கறியும் கீரையும். கால் பங்கு பருப்பு, முட்டை, மீன், கோழி இவற்றில் ஒன்று. மீதிக் கால் பங்குதான் சோறு. நமக்குக் கடலூர் பக்கம்தான். மத்தியும் நெத்திலியும் மலிவாய்க் கிடைக்கும் நாளில் அதைவிட நல்ல ஆகாரம் எது? சாயங்காலம் சுண்டல். இரவில் மறுபடியும் அளவான சாப்பாடு. படுக்கும் முன் சர்க்கரை போடாத பால். ஒவ்வொரு சாப்பாட்டுக்குப் பிறகும் பத்துப் பதினைந்து நிமிஷம் நடப்பது நல்லது. வைத்தியர் படுத்தே இருக்கச் சொல்லியிருந்தால் மட்டும் நடக்க வேண்டாம். ஒவ்வொரு பெண்ணுக்கும் எவ்வளவு என்பதை அவளுடைய எடையைப் பார்த்து ஆஸ்பத்திரியில் சொல்லுவார்கள்.

இனி நம் ஜனங்களிடம் உள்ள சில தப்பெண்ணங்களைச் சொல்லுகிறேன். "வெள்ளைச் சர்க்கரைதானே கெடுதல், வெல்லமும் கருப்பட்டியும் நாட்டுச் சர்க்கரையும் தேனும் நல்லதுதானே?" என்கிறார்கள். ஆலையில் காய்ச்சினாலும் கொட்டகையில் காய்ச்சினாலும் கரும்புச் சாறு கரும்புச் சாறுதான். ரத்தத்தில் எல்லாம் ஒன்றாகத்தான் ஏறும். இந்த ஊரில் இதை நான் சொல்லித்தானா தெரிய வேண்டும்? "கேழ்வரகுக் கூழ் எவ்வளவு குடித்தாலும் சர்க்கரை ஏறாது" என்கிறார்கள். கேழ்வரகிலும் மாவுச்சத்துத்தான் இருக்கிறது. கூழாகக் கரைத்துக் குடித்தால் இன்னும் சீக்கிரம் ஏறும். "இனிப்புச் சாப்பிட்டுவிட்டுப் பாகற்காய்ச் சாறு குடித்தால் சரியாய்ப் போய்விடும்" என்கிறார்கள். நாக்கில் கசப்பது ரத்தத்தில் இருக்கும் சர்க்கரையைத் துரத்துமென்று நினைப்பது, வேப்பிலை கட்டினால் அம்மை போகும் என்று நினைத்த கதைதான். பழத்தைப் பழமாகச் சாப்பிடலாம். சாறாகப் பிழிந்து குடிக்கக் கூடாது. பண்ருட்டிப் பலா பக்கத்தில் இருக்கிறதென்று பத்துச் சுளை தின்னக் கூடாது. அங்கன்வாடியில் கொடுக்கும் சத்துமாவில் வெல்லம் சேர்ந்திருக்கிறது. சர்க்கரை உள்ளவர்கள் அதை எவ்வளவு சாப்பிடலாம் என்று செவிலியரைக் கேட்டுக் கொள்ள வேண்டும். கர்ப்பிணியை விரதம் இருக்கச் சொல்லுவது, அவள் வயிற்றில் இருக்கிற குழந்தையையும் விரதம் இருக்கச் சொல்லுவதாகும்.

வளைகாப்பு நடத்துங்கள், வேண்டாமென்று நான் சொல்லவில்லை. ஆனால் சர்க்கரைப் பொங்கலையும் லட்டையும் ஆளுக்கு ஒரு வாயாக அவள் வாயில் திணித்துவிட்டு, "ஆசைப்பட்டதைக் கொடுக்காவிட்டால் பிள்ளைக்குக் காதில் சீழ் வடியும்" என்று பயமுறுத்தாதீர்கள்.

ஆகாரம் போதாவிட்டால்?

இரண்டு வாரம் ஒழுங்காகச் சாப்பிட்டும், சாப்பாட்டுக்கு இரண்டு மணி நேரம் பின்னால் சர்க்கரை 120-க்குக் கீழே வரவில்லையானால் வைத்தியர்கள் மருந்து கொடுப்பார்கள். பெரும்பாலும் இன்சுலின் ஊசி. அதற்குப் பயப்படவோ வெட்கப்படவோ வேண்டியதில்லை. ஆகாரம் பலிக்கவில்லை என்றால் அது அவள் குற்றமும் அல்ல. 1921-இல் கனடா தேசத்து டொராண்டோ நகரில் இன்சுலின் கண்டுபிடிக்கப்படுவதற்கு முன்பு, சர்க்கரை வியாதியுள்ள பெண் கர்ப்பமானால் தாயோ குழந்தையோ, இரண்டு பேருமோ சாகிற நிலைதான் பெரும்பாலும் இருந்தது. அந்த நிலையை மாற்றிய மருந்தை, "ஊசி குழந்தைக்கு ஆகாது" என்று யாரோ சொன்னார்களென்று தள்ளுவது மடமையாகும். நான் முன்பே சொன்னபடி இன்சுலின் நஞ்சுக்கொடியைத் தாண்டிக் குழந்தையிடம் போவதில்லை.

இதனால் பலன் உண்டா என்று கேட்பீர்கள். கேட்கத்தான் வேண்டும். ஆஸ்திரேலியாவில் இந்த வியாதியுள்ள 1,000 கர்ப்பிணிகளை இரு பிரிவாகப் பிரித்து, ஒரு பிரிவுக்கு ஆகார யோசனையும் சர்க்கரைச் சோதனையும் தேவைப்பட்டால் இன்சுலினும் கொடுத்தார்கள். மற்றப் பிரிவுக்கு வழக்கமான கவனிப்புத்தான். 2005-இல் முடிவு வெளியாயிற்று. குழந்தை இறத்தல், தோள் சிக்குதல், எலும்பு முறிதல், நரம்பு செயலறுதல் ஆகிய பெரிய ஆபத்துகள் வழக்கமான பிரிவில் 100-க்கு 4. கவனித்த பிரிவில் 100-க்கு 1. இப்படிக் கணக்குக் காட்டக் கூடிய பரிகாரம் வேறு எங்காவது இருந்தால் சொல்லுங்கள், நானும் வந்து செய்கிறேன்.

பிரசவத்தோடு காரியம் முடிந்து விடுவதில்லை. குழந்தை பிறந்த முதல் ஒரு மணி நேரத்துக்குள் தாய்ப்பால் கொடுக்க வேண்டும். சேனை வைப்பதென்று சர்க்கரைத் தண்ணீரைத் தொட்டு வைக்காதீர்கள். ஆறு வாரம் கழித்துத் தாய்க்கு மறுபடியும் குளுக்கோஸ் சோதனை செய்ய வேண்டும். அப்போது சரியாக இருந்தாலும் பிற்காலத்தில் அவளுக்குச் சர்க்கரை வியாதி வரும் வாய்ப்பு மற்றவர்களைவிடப் பல மடங்கு அதிகம். ஆகையால் அதன் பிறகும் வருஷா வருஷம் பார்த்துக் கொள்ளுவது நல்லது. பிள்ளை பிறந்தது, பேர் வைத்தாகிவிட்டது என்று தாயை மறந்துவிடுகிறோமே, அந்த இடத்தில்தான் வியாதி மறுபடியும் நுழைகிறது.

முடிவுரை

தோழர்களே! சோதனைக்கு அரசாங்கம் ஏற்பாடு செய்துவிட்டது. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையார் பேரால் ஏழைக் கர்ப்பிணிகளின் ஆகாரத்துக்கென்று பண உதவியும் கொடுக்கிறது. அந்தப் பணம் அவள் வயிற்றுக்குப் போகிறதா, அடகுக் கடை வட்டிக்குப் போகிறதா என்பதை எந்த சர்க்கார் வந்து பார்க்க முடியும்? அவளுடைய தட்டில் முட்டை விழுகிறதா, அடிச் சோறு விழுகிறதா என்பதற்கு எந்தச் சட்டம் போட முடியும்? அதற்கு ஜவாப்தாரிகள் நாம்தான். முக்கியமாக ஆண்களாகிய நாம்தான்.

நான் சொன்னேன் என்பதற்காக எதையும் நம்ப வேண்டியதில்லை. ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய்க் கேளுங்கள், சோதித்துப் பாருங்கள், பிறகு நம்புங்கள். ஆனால் இன்றிரவே செய்யக் கூடிய காரியம் ஒன்று இருக்கிறது. இங்கிருந்து வீட்டுக்குப் போனதும், உங்கள் வீட்டில் கர்ப்பிணி இருந்தால், "சாப்பிட்டாயா?" என்று மட்டும் கேட்காதீர்கள். அதற்கு எல்லாப் பெண்களும் "ஆச்சு" என்றுதான் சொல்லுவார்கள். "எத்தனை மணிக்குச் சாப்பிட்டாய்? என்ன சாப்பிட்டாய்?" என்று கேளுங்கள். பதிலைக் காகிதத்தில் எழுதுங்கள். மூன்று நாள் எழுதுங்கள். பிறகு நாலாம் நாள் முதல் தட்டை யாருக்கு வைக்க வேண்டும் என்பதை உங்கள் அறிவே உங்களுக்குச் சொல்லும்.